கடனும் ராஜ்ய ரகசியமும்

தேனி ஜில்லாவில், தேவாரத்திற்கு அண்மையில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரம் என்னும் சிற்றூரின் பெயர் 2015-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தேசமெங்கும் அடிபட்டது. அவ்வூரை ஒட்டிய மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி அடுக்கி, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் ஒன்றை அமைப்பதற்காகச் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை சம்மதம் அளித்தது அப்பொழுதுதான். பின்னர் நடந்தவை நேயர்கள் அறிந்தவையே. 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் மறுபடியும் அனுமதி வழங்கிற்று. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் இத்திட்டத்திற்குத் தன் ஆட்சேபத்தைச் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. மலை இன்னும் குடையப்படவில்லை. குடைவது நன்றா, தீதா என்ற வாதத்தில் நாம் இன்று இறங்கப் போவதில்லை.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இத்திட்டம் அணுசக்தி இலாகாவைச் சார்ந்தது. அந்த இலாகாவின் கீழ் உத்தியோகம் பெறுகிறவர் எவராயினும் அவருடைய பூர்வ நடத்தை விசாரிக்கப்படும். ஆராய்ச்சிக் கூடம் வந்தாலும் வராவிட்டாலும் கம்பம் பள்ளத்தாக்கின் படித்த வாலிபர்கள் இதே வாசலில் போய் நிற்கத்தான் போகிறார்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வேலை உண்டு. பட்டாளமும் மத்திய போலீஸ் படைகளும் உண்டு. பொதுத் துறை வங்கிகள் உண்டு. அங்கெல்லாம், மனுச் செய்த வாலிபன் பட்ட கடன் அவனுக்குக் குறுக்கே நிற்குமா? கடன்பட்டவனிடம் ராஜ்யத்தின் ரகசியத்தையோ, பொது ஜனங்களின் பணத்தையோ ஒப்படைக்கலாகாது என்பது நியாயமான கொள்கைதானா?

இக்கொள்கையை மிகவும் விரிவாக எழுதி வைத்துக்கொண்டிருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கே ரகசியக் காகிதங்களைக் கையாளும் அனுமதி பெற வேண்டுமானால் நீண்ட பாரம் ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். கடந்த 7 வருஷங்களில் எந்தக் கடனையாவது 120 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்தது உண்டா, வரி கட்டத் தவறியது உண்டா, இன்சால்வென்சி மனுப் போட்டது உண்டா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். 2017 ஜூன் முதல் அமலில் உள்ள விதிகளில் மனுதாரரை எடைபோடுவதற்கு 13 தலைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று முழுவதும் பண விவகாரத்துக்கே ஒதுக்கப்பட்டது. கடன் சுமை தாங்காதவன் பணம் தேடிக் குற்றத்தில் இறங்கக்கூடும் என்பது அவ்விதியின் ஆதாரம். சந்தேகம் எழுமானால் அது தேசப் பாதுகாப்பின் பக்கமே தீர்க்கப்படும். இந்த அனுமதியைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் 1988-ல் கூறிவிட்டது.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. அமெரிக்க உளவு ஸ்தாபனத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர் விவாகரத்தினாலும் ஆடம்பரத்தினாலும் கடனில் மூழ்கி, 1985 ஏப்ரலில் சோவியத் தூதராலயத்துக்குத் தாமாகவே நடந்து சென்று, 50,000 டாலருக்கு ரகசியங்களை விற்றார். அவர் காட்டிக்கொடுத்ததால் உயிரிழந்தவர் பலர். அந்நாட்டுக் கடற்படையில் வேலை பார்த்த ஜான் வாக்கர் தாம் நடத்திய மதுக்கடையில் நஷ்டப்பட்டவர். 1960-களின் இறுதியில் தொடங்கி 1985 வரை சங்கேதக் குறிப்புகளை விற்றுவந்தார். நம் தேசத்திலும் 1985 ஜனவரியில் கூமர் நாராயண் வழக்கு அம்பலமாயிற்று. பிரதம மந்திரியின் காரியாலயம் முதலான இடங்களிலிருந்து அந்தரங்கக் காகிதங்கள் வெளியே போயின. கொடுத்தவர்கள் பெரும்பாலும் கீழ்த்தர சிப்பந்திகள். வாங்கியது சொற்பத் தொகையும் மதுப்புட்டிகளும் என்பது வழக்கு.

ஆனால் ஏம்ஸின் கதையை இறுதிவரை படிப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படும். வருஷத்துக்குச் சுமார் 70,000 டாலர் சம்பளம் வாங்கிய அம்மனிதர் 5,40,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கினார். விலையுயர்ந்த மோட்டாரில் காரியாலயத்துக்கு வந்தார். அவரைப் பிடிக்க 1994 பிப்ரவரி வரை ஆயிற்று. 9 வருஷகாலம் ராஜ்யத்துக்கு ஆபத்தாக இருந்தவர் கடனாளி ஏம்ஸ் அல்ல, கடன் தீர்ந்த ஏம்ஸ்! வரும்படிக்கு மிஞ்சிய செல்வத்தைத் தக்க காலத்தில் எவரும் தீர விசாரிக்கவில்லை. ஏழையின் பாக்கியைக் கணக்குப் பார்ப்பது எளிது. மேலதிகாரியின் மோட்டார் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குத்தான் மனோதிடம் வேண்டும். அமெரிக்க விதியில் காரணம் கூறமுடியாத திடீர்ச் செல்வமும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டிருப்பதை நம்மவர் மறக்கலாகாது.

கடன் எவ்வாறு ஒருவனுடைய விசுவாசத்தை விலைக்கு வாங்கும் என்பதை அமெரிக்காவிடம் கற்க வேண்டிய அவசியமும் தமிழ்நாட்டுக்குக் கிடையாது. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி, கும்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிக் கடன் வாங்கினார். அவர்கள் பகலில் கும்பெனிக்கு ஊழியர்கள். மற்ற வேளையில் நவாபுக்கு லேவாதேவிக்காரர்கள். வட்டிக்கு ஈடாகச் சீமைகளின் வரி வசூல் அவர்கள் கைக்குப் போயிற்று. தஞ்சாவூரை அதன் ராஜாவிடம் திருப்பிக் கொடுக்க வந்த சென்னைக் கவர்னர் பிகட் துரைக்கு எதிராக, பால் பென்பீல்டு என்னும் சாமான்ய உத்தியோகஸ்தன், தஞ்சை வருமானத்தில் தனக்கு 2,00,000 பவுனுக்கு மேல் பாக்கி உண்டென்று கிளம்பினான். 1776 ஆகஸ்டில் கவர்னரையே கவுன்சிலார் சிறைப்படுத்திவிட்டனர். மறு வருஷம் அவர் காவலிலேயே மாண்டார். எட்மண்டு பர்க் 1785-ல் பார்லிமெண்டில் இக்கடன்களைப் பற்றிப் பேசிய பேச்சு பிரசித்தமானது. 1801-ல் கர்நாடக ராஜ்யத்தின் நிர்வாகம் முழுவதும் கும்பெனியின் வசமாயிற்று. இச்சரித்திரத்தில் கெடுதல் எங்கே இருந்தது? கடன் வாங்கியவரிடம் பாதி. மீதிப் பாதி கடன் கொடுத்த உத்தியோகஸ்தர்களிடம். இன்றைய விதிகள் வாங்கியவனையே நோக்குகின்றன.

நிற்க. நமது தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது? சர்க்கார் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எழுதிக் கொடுக்கும் பூர்வ நடத்தைப் பத்திரத்தில், கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா, பரீட்சையிலிருந்து விலக்கப்பட்டதுண்டா என்பனவே பிரதானக் கேள்விகள். வேலையில் சேர்ந்த பிறகுதான் கடனைப் பற்றிய விதி வருகிறது. 1964-ம் வருஷத்து மத்திய சிவில் சர்வீஸ் நடத்தை விதிகளில் 17-வது விதி, உத்தியோகஸ்தர் தம் சொந்தக் காரியங்களை ஓயாத கடனுக்கும் இன்சால்வென்சிக்கும் இடமில்லாதபடி நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. கடன் வசூலுக்காக வழக்குத் தொடரப்பட்டால் அதன் முழு விவரத்தையும் உடனே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்விதியின் கீழுள்ள குறிப்பு மிகவும் கவனிக்கத் தக்கது. சாதாரண ஜாக்கிரதையுடன் இருந்தும் முன்கூட்டி அறிய முடியாத, தம் வசத்தில் இல்லாத காரணங்களால் கடன் நேர்ந்தது, ஊதாரித்தனத்தால் அன்று என்று உத்தியோகஸ்தர் ரூபித்துக் காட்டலாம். ரூபிக்கும் பாரம் அவர் தலையில்தான். ஆயினும் வாசல் திறந்திருக்கிறது. காரணத்தைக் கேட்காமல் கடனை மட்டும் பார் என்று அவ்விதி சொல்லவில்லை.

சிவில் நடைமுறைச் சட்டமும் இதே நோக்கம் உடையது. டிகிரி பெற்ற கடன்காரன்கூட ஒருவருடைய சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஒரே டிகிரிக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. கடனாளி பிழைத்திருக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், பார்த்துத்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது 1908-ல் இச்சட்டத்தை எழுதியவர்களுக்கு விளங்கியிருந்தது.

இப்பொழுது விஷயம் வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. 2005-ம் வருஷத்துச் சட்டப்படி கடன் தகவல் கம்பெனிகள் நடக்கின்றன. அவற்றில் பேர்போனது சிபில். கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணை அது இடுகிறது. கடன் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பதற்காக ஏற்பட்ட இந்த எண், வேலை கொடுக்கலாமா என்று தீர்மானிக்கவும் உபயோகப்படத் தொடங்கிவிட்டது. ஸ்டேட் பாங்கு 2020-ல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க வெளியிட்ட அறிவிப்பில், கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ செலுத்தத் தவறியவர்களும் சிபில் அறிக்கை பாதகமாக உள்ளவர்களும் நியமனத்துக்கு அருகர் அல்லர் என்று கண்டிருந்தது. தேர்வில் வென்று, 2021 மார்ச்சில் நியமன உத்தரவும் பெற்ற ஒருவருடைய உத்தரவு மறு மாதமே ரத்தாயிற்று. அறிவிப்பு வெளியான நாளில் தமக்குப் பாக்கி ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன் என்று அவர் சென்னை ஹைக்கோர்ட்டில் வாதாடினார். 2025 ஜூனில் நீதிபதி என். மாலா அவர்கள் மனுவைத் தள்ளினார். வங்கி ஊழியர் பொதுஜனப் பணத்தைக் கையாளுகிறவர். அவருக்குப் பண விவகாரத்தில் ஒழுங்கு வேண்டும் என்று வங்கி எதிர்பார்ப்பது தவறல்ல. அந்த நிபந்தனையை அறிந்தே மனுச் செய்தவர் பின்னர் அதை எதிர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் அளவில் இத்தீர்ப்பில் குறை காண்பது கடினம். யோக்கியதாம்சங்களை நிர்ணயிப்பது எஜமானருடைய காரியம். அதில் கோர்ட்டு சுலபமாகத் தலையிடுவதில்லை. நாம் குறை கூறுவது நிபந்தனையை எழுதியவர்களைத்தான். கடனைத் தீர்த்தவனும் தீர்க்காதவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். நோயினால் தவறியவனும் சூதாட்டத்தால் தவறியவனும் ஒரே எண்ணாக மாறிவிடுகிறார்கள். அமெரிக்க விதி கடுமையானதென்று பார்த்தோம். அதுகூட, வேலை போயிற்றா, வியாபாரம் விழுந்ததா, எதிர்பாராத வைத்தியச் செலவா, குடும்பத்தில் மரணமா என்று விசாரிக்கச் சொல்லுகிறது. அந்த நிலையில் மனுதாரர் பொறுப்புடன் நடந்தாரா, கடன்காரர்களோடு ஏற்பாடு செய்துகொண்டு தவணை கட்டி வருகிறாரா என்று பார்க்கச் சொல்லுகிறது. உலகத்தின் மிகப் பெரிய ராணுவ ரகசியங்களைக் காக்கிறவர்கள் கேட்கும் கேள்வியை, நமது வங்கியார் ஏன் கேட்கலாகாது?

இக்கேள்வி நமது பள்ளத்தாக்குக்கு ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஜில்லா ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் இப்பகுதியில் ஏராளம். அந்த ஏலக்காய் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. 7,000 ரூபாய்க் காலத்தில் கடன் வாங்கிக் குத்தகை எடுத்தவன் 2022-ல் தவணை தவறினால் அது ஊதாரித்தனமா? மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் திராட்சைக் கொடிக்குக் கேடு. ஆண்கள் கடன் இவ்வாறிருக்க, பெண்கள் பெயரில் குழுக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வருஷ வருமானம் 3,00,000 ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடின்றிக் கொடுக்கும் இக்கடன்களின் மாதத் தவணைகள் மொத்தம் அக்குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2022-ல் விதித்தது. வருமானத்தில் பாதி! மீதிப் பாதியில் சாப்பாடும் பள்ளிக்கூடமும் வைத்தியமும் நடக்க வேண்டும்.

தாயின் குழுக் கடன் பாக்கி மகனுடைய கணக்கில் ஏறாது என்பது உண்மையே. கடன் சரித்திரம் ஆளுக்கு ஆள் தனி. ஆனால் கல்விக் கடன் மகனுடைய பெயரிலேயே இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழிந்ததும், வேலை கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை தொடங்கிவிடும். கிடைக்காதவன் தவறுகிறான். தவறியதால் மதிப்பெண் விழுகிறது. விழுந்ததால் வங்கி வேலை இல்லை. வேலை இல்லாததால் கடன் தீராது. இது என்ன விசித்திரச் சக்கரம்! கடனை வசூலிக்க வேண்டிய வங்கியே, கடனைத் தீர்க்கும் ஒரே வழியைத் தன் கையால் அடைக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதி இன்னும் விசேஷம். நண்பன் தவறினால் அந்தக் கறை ஜாமீன்தாரர் கணக்கிலும் படியும். இப்பக்கத்து ஊர்களில் கையெழுத்துக் கேட்டு வந்தவனை மறுப்பது உறவை முறித்துக்கொள்வதற்குச் சமானமாக எண்ணப்படுகிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இஃதிவ்வாறிருக்க, மேல் மட்டத்தில் நடந்ததையும் பார்ப்போம். நமது அரசியல் சாசனத்தின் 102-வது ஷரத்துப்படி, விடுதலை பெறாத இன்சால்வெண்டு பார்லிமெண்டு அங்கத்தினராக இருக்க முடியாது. ஆனால் கோர்ட்டு அவ்வாறு பிரகடனம் செய்தால்தான் அது பொருந்தும். வெறும் பாக்கி போதாது. 9,000 கோடி ரூபாய் அளவுக்கு வங்கிகளுக்குப் பாக்கி வைத்ததாகக் கூறப்பட்ட விஜய் மல்லையா 2016 மார்ச்சில் தேசத்தை விட்டுப் புறப்பட்டபோது ராஜ்யசபை அங்கத்தினர். கையில் இருந்தது ராஜதந்திரிகளுக்குரிய பாஸ்போர்ட்டு. அது முடக்கப்பட்டது ஏப்ரலில். கிரெடிட் கார்டு பாக்கியைத் தாமதமாகக் கட்டிய வாலிபனுக்கு வங்கி மேஜை மறுக்கப்படுகிறது. கோடிக் கணக்கில் நிறுத்தியவருக்கு ராஜ்யத்தின் முத்திரை பதித்த புத்தகம் கையில் இருக்கிறது. கடன் நம்பிக்கையைக் கெடுக்கும் என்பது மெய்யானால், தொகை பெருகப் பெருக அது குறைந்துவிடும் என்று எந்த நூல் சொல்லுகிறது?

ரகசிய விஷயங்களில் கடனைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. சங்கேதக் குறிப்பையோ, அணு உலையின் வரைபடத்தையோ கையாளுகிறவன் கந்துவட்டிக்காரனிடம் அகப்பட்டிருந்தால் அவனை மிரட்டுவது எவருக்கும் எளிது. சர்க்கார் அதை அறிந்திருக்கத்தான் வேண்டும். அறிந்த பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதே விவாதம். பொட்டிப்புரத்து ஆராய்ச்சியில், முடிவுகளையெல்லாம் உலகறியப் பிரசுரிப்பதே நோக்கம். அங்கே மண் வெட்டுகிறவனுக்கும் கணக்கு எழுதுகிறவனுக்கும் எந்த ரகசியம் தெரியப் போகிறது? எல்லா வாசலுக்கும் ஒரே பூட்டுப் போடுவது சோம்பேறி நிர்வாகத்தின் அடையாளம். அடுத்தபடியாக, பாதகமான அறிக்கையை மனுதாரரிடம் காட்டி அவருடைய சமாதானத்தைக் கேட்காமல் நியமனத்தை மறுக்கவோ ரத்து செய்யவோ கூடாது. அமெரிக்காவில் வில்லியம் கிரீன் என்னும் எஞ்சினீயர், தமக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் யார் என்றுகூட அறியாமல் அனுமதியை இழந்தார். 1959-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அம்முறையைத் தள்ளிற்று. மறு வருஷமே ஜனாதிபதி ஐசன்ஹோவர், கம்பெனிகளின் ஊழியர்களுக்குக் காரணங்களை எழுத்தில் தந்து விசாரணைக்கும் இடமளிக்க உத்தரவிட்டார். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டும் 2016-ல், பூர்வ நடத்தைப் பத்திரத்தில் விஷயத்தை மறைத்தவர்களைப் பற்றிய அவதார் சிங் வழக்கில், எல்லா மறைப்பும் ஒரே தன்மையதல்ல, உத்தியோகத்தின் இயல்பையும் விஷயத்தின் அற்பத்தனத்தையும் பார்க்க வேண்டும் என்று வழி காட்டியிருக்கிறது. குற்ற வழக்குக்கே இவ்வளவு நிதானம் உண்டானால், கடன் பாக்கிக்கு அதைவிடக் குறைந்த நிதானமா?

விதிகள் மாறும் வரையில் வாலிபர்கள் கைகட்டி நிற்க முடியாது. ஒவ்வொரு கடன் தகவல் கம்பெனியும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டது. வேலைக்கு மனுச் செய்யும் முன்பே அதை வாங்கிப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு என்று ரிசர்வ் பாங்கு 2023-ல் விதித்திருக்கிறது. கடனை அடைத்தவர்கள் பாக்கியில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். லோக் அதாலத்தில் தொகையைக் குறைத்துச் சமரசம் செய்துகொள்ளும் கல்விக் கடன்காரர்கள் ஒன்றை முக்கியமாக அறிய வேண்டும். முழுவதும் கட்டி முடித்த கணக்கு வேறு, குறைத்துத் தீர்த்த கணக்கு வேறு. பின்னது சமரசத் தீர்வு என்றே அறிக்கையில் பதிவாகிறது, வேலை கொடுப்பவர் கண்ணில் அது பாதகமாகப் படலாம். ஆகவே சமரசப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னர், இக்கணக்கை எவ்வாறு பதிவு செய்யப் போகிறீர்கள் என்று வங்கியிடம் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.